செஞ்சியில் எழுதப்பட்ட ராய்கட்

1686-இல் பிஜாப்பூர் விழுந்தது. அடில்ஷாஹி அரசு அத்தோடு முடிந்தது. அடுத்த ஆண்டு கோல்கொண்டா விழுந்தது. குதுப்ஷாஹி அரசும் முடிந்தது. 1689-இல் மராட்டியரின் மலைத் தலைநகரான ராய்கட் முகலாயர் கைக்கு வந்தபோது, தக்காணத்தின் மூன்றாவது கணக்கும் தீர்ந்தது என்று ஔரங்கசீப் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. அரசர் சம்பாஜி அந்த ஆண்டு மார்ச்சிலேயே கொல்லப்பட்டிருந்தார். அவருடைய மனைவி யேசுபாயும் மகன் சாஹுவும் கோட்டையோடு சேர்ந்து பிடிபட்டார்கள். அரியணை இருந்த இடம், கருவூலம், வாரிசு எல்லாமே பகைவன் கையில். ஒரு அரசு முடிவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் போர் இன்னும் பதினெட்டு ஆண்டுகள் நடந்தது. 1707-இல் அகமதுநகர் அருகே முடிந்தது ஔரங்கசீப்பின் ஆயுள்தான். தலைநகரை இழந்த அரசு அவருக்குப் பிறகும் நின்றது, புனேயைத் தன் புதிய மையமாக்கிக்கொண்டு டெல்லி வரை போனது. தலைநகர் விழுந்தும் சில அரசுகள் விழாமல் நிற்பது ஏன் என்ற கேள்விக்கு, மராட்டியர் வரலாற்றில் தெளிவான விடை இருப்பதாக நான் நினைக்கிறேன். அந்த விடை கோட்டையில் இல்லை. கோட்டையிலிருந்து புறப்பட்டுப் போன தாள்களில் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ள, எதிர்த் திசையில் நடந்த ஒரு கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்றைய ருமேனியாவின் திரான்சில்வேனியப் பகுதியில், ஒராஷ்டியே மலைகளில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் சார்மிசெகெடுசா என்ற ஊர் இருந்தது. டாசியர்களின் தலைநகர். செதுக்கிய கற்களை இரு முகமாக அடுக்கி, நடுவே மண்ணும் சரளையும் நிரப்பி, மரச் சட்டங்களால் இறுக்கிக் கட்டிய மதில்கள் அதற்கு இருந்தன. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டித் தளங்கள் அமைத்து, சுடுமண் குழாய்களில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். வட்டமாகத் தூண் நட்ட வழிபாட்டு இடங்களும் இரும்புப் பட்டறைகளும் இருந்தன. ரோமப் பேரரசன் டிராஜன் 101 முதல் 106 வரை இரண்டு போர்கள் நடத்தி இந்த ஊரைப் பிடித்தான். அரசன் டெசபாலஸ் பிடிபடுவதற்கு முன் தன்னையே மாய்த்துக்கொண்டான். அவனுடைய தலை ரோமுக்குப் போனது. ஆற்றுப் படுகைக்கு அடியில் அவன் ஒளித்து வைத்திருந்த செல்வமும் காட்டிக்கொடுக்கப்பட்டு ரோமுக்குப் போனது. ரோமர்கள் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளிச் சமவெளியில் தங்களுக்கென ஒரு நகரம் கட்டி, அதற்கும் சார்மிசெகெடுசா என்ற பெயரையே சேர்த்து வைத்தார்கள். பெயர்கூட வென்றவனிடம் போய்விட்டது.

அந்த வீழ்ச்சியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி வென்றவன் சொன்னதுதான். ரோமில் 113-இல் நிறுவப்பட்ட டிராஜன் தூணில், ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்துக்குச் சுருள் சுருளாக அந்தப் போர் செதுக்கப்பட்டிருக்கிறது. 2,500-க்கும் மேற்பட்ட உருவங்கள். அதில் ஒரு காட்சி: முற்றுகையிடப்பட்ட டாசியர்கள் ஒரு பெரிய பாத்திரத்தைச் சுற்றிக் கூடி, ஏதோ ஒன்றை வாங்கிக் குடிக்கிறார்கள். அது நஞ்சு, கூட்டமாக உயிர்விடுகிறார்கள் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். மிச்சமிருந்த கடைசித் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்கிறார்கள் வேறு சிலர். ஒரு மக்கள் கூட்டம் தன் கடைசி நாளில் செத்ததா, தாகம் தீர்த்துக்கொண்டதா என்பதே தீராத வழக்காக நிற்கிறது. சொல்ல வேண்டியவர்களின் சொல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. டாசியர் மொழியில் நமக்குக் கிடைப்பவை ஆட்பெயர்கள், ஊர்ப்பெயர்கள், பழைய மருத்துவ நூல்களில் குறித்து வைக்கப்பட்ட சில மூலிகைப் பெயர்கள். டெசபாலஸ் பெயர் பொறித்த ஒரு மண்பாண்டம் உண்டு. அவன் அரசு எப்படி வரி வாங்கியது, யாருக்கு நிலம் கொடுத்தது, எந்த வழக்கை எப்படித் தீர்த்தது என்று அவர்களே எழுதியது எதுவும் நம்மிடம் இல்லை.

சார்மிசெகெடுசா 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2025 ஜூலையில் மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகள் அதே பட்டியலில் ஏறின. ராய்கட் அதில் உண்டு. அதற்கு முந்தைய தலைநகரான, புனே மாவட்டத்து ராஜ்கட்டும் உண்டு. மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாக நம்முடைய செஞ்சியும் உண்டு. மேலே ஏறிப் பார்க்கிறவருக்கு இரு நாட்டு மலைகளும் ஏறக்குறைய ஒரே காட்சியைத்தான் காட்டும்: மதில், படிக்கட்டு, நீர்த்தொட்டி, கூரை போன கட்டடங்களின் அடித்தளம். ராஜ்கட் உச்சியில் நிற்கும் கற்கள் பேசுவது சார்மிசெகெடுசாவின் கற்கள் பேசுவதைவிட அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் ராஜ்கட்டில் என்ன நடந்தது என்று நமக்கு ஆண்டும் மாதமுமாகத் தெரியும். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

சிவாஜியின் தலைநகரம் ஓரிடத்திலேயே நின்றுவிடவில்லை. புனேக்குத் தென்மேற்கே, தோரணா கோட்டைக்கு எதிரே உள்ள மலையில் ராஜ்கட்டைக் கட்டி, ஏறத்தாழ கால் நூற்றாண்டு அங்கிருந்து ஆண்டார். 1665-இல் புரந்தர் உடன்படிக்கைப்படி 23 கோட்டைகளை முகலாயருக்கு விட்டுக்கொடுத்தபோது தம்மிடம் வைத்துக்கொண்ட பன்னிரண்டில் ராஜ்கட் ஒன்று. மறு ஆண்டு ஆக்ராவிலிருந்து தப்பி வந்து சேர்ந்த இடமும் அதுதான். 1670-களின் தொடக்கத்தில் தலைநகர் மலைத்தொடருக்கு அப்பால், கொங்கணத்தை நோக்கிய ராய்கட்டுக்கு மாறியது. ஹிரோஜி இந்துல்கர் அங்கே மாளிகைகளையும் கடைவீதியையும் எழுப்பினார். 1674 ஜூன் 6 அன்று சிவாஜி அங்கே முடிசூடினார். 1680 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். ராஜ்கட்டிலிருந்து ராய்கட்டுக்குப் போனது முற்றுகைக்குப் பயந்து அல்ல, திட்டமிட்ட மாற்றம். அரசரும் அமைச்சர்களும் முத்திரையும் கணக்கர்களும் எங்கே இருக்கிறார்களோ அங்கே தலைநகர் என்ற பழக்கம் அப்போதே அந்த அரசுக்கு வந்துவிட்டது. கட்டாயத்தினால் மாற வேண்டிய நாள் வந்தபோது இந்தப் பழக்கம் கைகொடுத்தது.

அந்த நாள் 1689 ஏப்ரலில் வந்தது. சம்பாஜியின் தம்பி ராஜாராம், முற்றுகை இறுகும் முன்பே ராய்கட்டிலிருந்து வெளியேறினார். பிரதாப்கட், பன்ஹாளா, பிறகு மாறுவேடத்தில் கன்னட நாட்டின் வழியாகத் தெற்கே. நவம்பரில் செஞ்சியை அடைந்தார். 1677-இல் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தபோது பிஜாப்பூரிடமிருந்து பிடித்துப் பலப்படுத்தி வைத்த கோட்டை அது. ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தமிழ் பேசும் குடியானவர்கள் நடுவே, எட்டு ஆண்டுக் காலம் மராட்டிய அரசின் தலைநகர் அங்கே இருந்தது. அதில் பெரும்பகுதி முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கானின் முற்றுகைக்குள்.

அந்த எட்டு ஆண்டுகளில் அங்கே என்ன நடந்தது என்று பார்த்தால், தலைநகர் என்று எதைச் சொல்கிறோம் என்பது விளங்கும். செஞ்சியில் கருவூலம் இல்லை. மகாராஷ்டிரத்து ஊர்களில் பெரும்பாலானவற்றை முகலாயத் தாணாக்கள் என்ற காவல் முகாம்கள் பிடித்துக்கொண்டிருந்தன. ஆனால் செஞ்சியிலிருந்து சன்னதுகள் போய்க்கொண்டே இருந்தன. இன்னாருக்கு இன்ன வட்டாரத்தின் தலைமையுரிமையான தேஷ்முகி, இன்னாருக்கு இவ்வளவு இனாம், இன்ன குடும்பத்தின் வதன் இனி இன்னார் பெயரில் என்று ராஜாராமின் முத்திரையோடு ஆணைகள் வந்தன. வதன் என்பதை நம் பக்கத்து மிராசுக்கு நெருக்கமான பரம்பரை உரிமை என்று கொள்ளலாம். பகைவன் கையிலிருக்கும் ஊரின் உரிமையை, முற்றுகைக்குள் இருக்கும் அரசர் ஒரு தாளில் எழுதித் தருகிறார். அதை வாங்கியவர் சிரிக்கவில்லை. பத்திரப்படுத்தி வைத்தார், அதற்காகப் போரிட்டார். 1691-இல் படைத்தலைவர் ஹன்மந்தராவ் கோர்படேக்கு வாக்களித்த கொடை படிப்படியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ராய்கட்டை மீட்டால் ஒரு பங்கு, பிஜாப்பூர் போன்ற இடங்களைப் பிடித்தால் அடுத்தடுத்த பங்கு, டெல்லியைப் பிடித்தால் மீதி. அன்று ராஜாராம் கையில் இருந்தது இந்த மலைக்கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்சம் நிலமும்தான். அப்படியிருந்தும் டெல்லி வரை எழுதிக் கொடுத்தார்கள். 1690-இல் கடலூர்க் கரையில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றதும் இதே செஞ்சி அரசுதான். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த எல்லை வரைக்கும் உள்ள ஊர்கள் கம்பெனிக்குச் சேரும் என்பது ஏற்பாடு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் வந்தது. தன் தலைநகரை இழந்து வந்த அரசிடம் ஐரோப்பிய வணிகர்கள் பணம் கொடுத்து விற்பனைப் பத்திரம் வாங்கினார்கள் என்றால், அந்த முத்திரைக்கு மதிப்பு இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொன்றும் செஞ்சியில் நடந்தது. இந்தக் கட்டுரையின் அச்சாணி அதுதான். 1697-இல், ராஜாராமின் விருப்பப்படி, கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் என்ற அதிகாரி சிவாஜியின் வாழ்க்கையை எழுதினார். சபாசத் பகர் என்று அது அறியப்படுகிறது. சிவாஜியைப் பற்றி மராத்தியில் உரைநடையில் கிடைக்கும் மிகப் பழைய வரலாறு அதுதான். ராய்கட் ஏன் தலைநகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, அதன் பாறைச் சரிவு எப்படிச் செங்குத்தாக நிற்கிறது, எட்டு அமைச்சர்கள் யார் யார், எத்தனை கோட்டைகள், படைக்கு எப்படிச் சம்பளம் என்று அதில் சொல்லிப் போகிறார். எழுதும்போது ராய்கட் முகலாயர் கையில். தாம் உட்கார்ந்திருக்கும் கோட்டையும் சில மாதங்களில் விழப்போகிறது. விழுந்த தலைநகரை, விழப்போகிற தலைநகரில் உட்கார்ந்து ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். டெசபாலஸுக்கு இப்படி ஒருவர் இருந்திருந்தால், அந்தத் தூணில் இருப்பது நஞ்சா தண்ணீரா என்று இன்று யாரும் வாதாட வேண்டியிருக்காது. 1698 தொடக்கத்தில் செஞ்சி விழுந்தபோது ராஜாராம் மறுபடியும் தப்பியிருந்தார். தலைநகர் மறுபடியும் வடக்கே போனது, இந்த முறை சாதாராவுக்கு.

இதற்கு உடனே எழக்கூடிய மறுப்பு உண்டு. அரசைக் காப்பாற்றியது தாள் அல்ல, வாள்தான் என்று சொல்லலாம். மராட்டியப் படைத்தலைவர்கள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் முகலாயப் படையை நிம்மதியாக உறங்கவிடாமல் அடித்ததனால்தான் அரசு நின்றது. சஹ்யாத்ரி மலைகளும் நூற்றுக்கணக்கான கோட்டைகளும் இல்லையென்றால் எந்தச் சன்னதும் பயன்பட்டிருக்காது. செஞ்சிக் காலத்தில் மகாராஷ்டிரத்தை நடத்திய ராம்சந்திரபந்த் அமாத்யாவே, பிற்காலத்தில் தாம் எழுதிய ஆக்ஞாபத்திரம் என்ற அரசியல் நூலில், அரசின் சாரமே கோட்டைதான் என்ற கருத்தை அழுத்திச் சொல்கிறார். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் பிஜாப்பூருக்கும் கோல்கொண்டாவுக்கும் மதில்களும் படைகளும் குறைவாகவா இருந்தன? டாசியர்களுக்கு மலை இல்லையா, வீரம் இல்லையா? டெசபாலஸ் இறந்த பிறகும் ரோம எல்லைக்கு வெளியே டாசிய மக்கள் நெடுங்காலம் வாழ்ந்தார்கள், ரோமரோடு போரிடவும் செய்தார்கள். அவர்கள் ஒரு அரசாகத் திரும்ப எழவில்லை. வாள் பிடித்த கைகளைச் சிதறாமல் ஒரே நோக்கத்தில் பிணைக்க ஏதோ ஒன்று வேண்டும். சந்தாஜியும் தனாஜியும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள். இருவரும் ஒரே முத்திரைக்குக் கீழே இருந்தார்கள் என்பதுதான் அவர்களுடைய போரை ஒரு அரசின் போராக்கியது. இந்தப் பிணைப்புக்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை மறைக்கக் கூடாது. பரம்பரை நில உரிமை கொடுப்பதைத் தவிர்த்து, ரொக்கமாகச் சம்பளம் கொடுக்கவே சிவாஜி முயன்றார். செஞ்சியிலிருந்து வாரி வழங்கிய வதன்கள் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தின. பின்னாளில் சர்தார்கள் தனித்தனி அரசர்களாக வளர்ந்ததற்கு விதை அங்கேதான் போடப்பட்டது. தாளுக்கு அத்தனை வலிமை இருந்தது, நல்லதுக்கும் கெட்டதுக்கும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. அந்தத் தாள்கள்தான் எங்கே? 1689-இல் ராய்கட் கைமாறியது. 1733 வரை மராட்டியர் கைக்கு வரவில்லை. 1818 மே மாதம் ஆங்கிலேயர் எதிர்மலையிலிருந்து குண்டு வீசியபோது மாளிகைகள் தீப்பிடித்து எரிந்தன. அரண்மனைத் தஃப்தர், அதாவது ஆவணச்சாலை, என்று ஒன்று அங்கிருந்து முழுதாக நமக்கு வந்து சேரவில்லை. உண்மைதான். ஆனால் ஒரு கடிதத்துக்கு இரண்டு வீடு உண்டு, எழுதிய வீடு, வாங்கிய வீடு. எழுதிய வீடு எரிந்தது. வாங்கிய வீடுகள் மலைப் பள்ளத்தாக்குகளில் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன. தேஷ்முக்குகளும் ஊர்க் கணக்கர்களான குல்கர்ணிகளும் மடங்களும் தங்கள் உரிமைக்கு ஆதாரம் என்று அவற்றை மரப்பெட்டிகளில் பூட்டி வைத்திருந்தார்கள். வி. கா. ராஜ்வாடே என்ற மனிதர் வாழ்நாளெல்லாம் ஊர் ஊராக நடந்து அந்தப் பெட்டிகளைத் திறக்கவைத்தார். மராட்டிய வரலாற்று ஆதாரங்கள் என்ற பெயரில் 22 தொகுதிகள் வெளியிட்டார். 1910 ஜூலையில் அவரும் நண்பர்களும் புனேயில் பாரத் இதிஹாஸ் சம்சோதக் மண்டல் என்ற வரலாற்று ஆய்வுக் கழகத்தைத் தொடங்கினார்கள். அரசு உதவியை எதிர்பார்த்துத் தொடங்கியதல்ல. பழைய தாளைக் காப்பதைத் தேசப்பணி என்று நம்பியவர்கள் தொடங்கியது. இப்படிக் கிடைத்தவற்றில் ஒன்று போர் (Bhor) நகருக்கு அருகே உள்ள காரி என்ற ஊரின் ஜேதே தேஷ்முக் குடும்பத்திலிருந்து வந்த நிகழ்ச்சிக் குறிப்பு, ஜேதே சகாவளி. அதைத் திலகர் 1916-இல் வெளியிட்டார். அதுவரை சிவாஜி 1627-இல் பிறந்தார் என்று நம்பி வந்தார்கள். இந்தக் குறிப்பு 1630 என்கிறது. நீண்ட விவாதத்துக்குப் பின் 1630 பிப்ரவரி 19 என்ற நாளையே மகாராஷ்டிர அரசு ஏற்று இன்று விழா எடுக்கிறது. அரசரின் பிறந்த நாளைக்கூட அரண்மனை காப்பாற்றித் தரவில்லை. ஒரு தேஷ்முக் வீட்டுப் பெட்டி காப்பாற்றித் தந்தது.

மராட்டிய அரசின் தலைமை அமைச்சர்களாக இருந்து புனேயிலிருந்து ஆட்சி நடத்திய பேஷ்வாக்களின் தஃப்தர் தப்பியது வேறு வழியில். புனேயில் சனிவார் வாடாவுக்கு 1730 ஜனவரி 10 அன்று அடிக்கல் நாட்டினார் முதலாம் பாஜிராவ். 1817 நவம்பரில் அதன் மேல் ஆங்கிலக் கொடி ஏறியது. 1828 பிப்ரவரியில் பற்றிய தீ ஒரு வாரம் எரிந்து, மதிலையும் பெரிய வாயிலையும் மட்டும் விட்டுவிட்டு மாளிகையைத் தின்றது. ஆனால் பேஷ்வா அரசின் கணக்குகளை ஆங்கிலேயர் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். வரலாற்றின் மேல் கொண்ட அன்பினால் அல்ல. எந்த நிலம் யாருக்கு இனாம், எதை மீட்டு வரி போடலாம் என்று பார்க்க அந்தக் கணக்கு வேண்டியிருந்தது. வென்றவனுக்கும் தோற்றவனின் கையெழுத்து தேவைப்பட்டது என்பதே அந்த ஆட்சி எவ்வளவு ஆழமாக எழுத்தில் நடந்தது என்பதற்குச் சான்று. நெடுங்காலம் இந்திய ஆய்வாளர்களை அந்தத் தஃப்தருக்குள் விடவில்லை. 1930-க்குப் பிறகு கோ. ச. சர்தேசாய் அதிலிருந்து தேர்ந்தெடுத்து 45 தொகுதிகள் பதிப்பித்தார். இன்றும் புனேயில் அந்தத் தஃப்தரின் ஏறத்தாழ 39,000 துணிப் பொதிகள் இருக்கின்றன. ருமால் என்று சொல்வார்கள். கோடிக்கணக்கான தாள்கள். பேனாவை எடுக்காமல் ஓட்டி எழுதும் மோடி எழுத்தில் பெரும்பாலானவை.

இங்கே மூன்றாவது மறுப்பு எழுகிறது. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான். யாருடைய தாள்? எழுதத் தெரிந்தவர்கள் பிராமணரும் காயஸ்தப் பிரபுக்களும். கோட்டை கட்டக் கல் சுமந்தவரும், மலைவாயிலைக் காத்த மகர், ராமோஷி சாதியினரும் அந்தத் தாளில் எங்கே? புனேயிலிருந்தே இந்தக் கேள்வி உரக்க எழுந்தது. 1869-இல் ஜோதிராவ் பூலே சிவாஜியைப் பற்றி பவாடா என்ற வகைக் கதைப்பாடல் ஒன்றை எழுதினார். உழவர் குலத்தின் அணிகலன் என்று அவரைக் கொண்டாடினார். அரசரைப் பேஷ்வாக்களின் நிழலிலிருந்து மீட்டுக் குடியானவர்களிடம் சேர்ப்பது அவர் நோக்கம். கால் நூற்றாண்டுக்குப் பிறகு 1895-இல் திலகர் ராய்கட் சமாதியைச் சீரமைக்கக் கேசரியில் இயக்கம் நடத்தியபோது எழுந்த சிவாஜி வேறு முகம் கொண்டவர். ஒரே மலை, ஒரே ஊரின் இரண்டு பேர், இரண்டு அரசர்கள். தாள் மேலோரின் கையில் இருந்தது என்ற பூலேயின் குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் அதே தஃப்தர்களில்தான் ஊர்ச்சபைகளின் மஹ்ஸர்களும் கிடக்கின்றன. வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன ஊரார் எல்லோரும் சாட்சி போட்ட தாள்கள். எழுதத் தெரியாத ஊர்த்தலைவரான பட்டீல் தன் பெயருக்குப் பக்கத்தில் ஏரை வரைந்திருப்பார். கைவினைஞர்கள் தங்கள் தங்கள் கருவியை வரைந்திருப்பார்கள். கீழோரின் உரிமையும் மேலோரின் அநியாயமும் ஒரே பொதியில் இருக்கின்றன. பேஷ்வா கால புனேயில் சாதிக் கொடுமை எப்படி நடந்தது என்று நிறுவ வேண்டியவருக்கும் அந்தப் பொதிகளே வேண்டும். பூலேயின் கேள்விக்கு விடை தாளைத் தள்ளுவதில் இல்லை. இன்னும் அதிகம் படிப்பதில் இருக்கிறது.

தாள் எதற்கு, பாட்டு போதாதா என்றும் கேட்கலாம். இதற்குத் தமிழர் நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள், ஏனென்றால் செஞ்சி நம்முடையது. செஞ்சியில் மராட்டிய அரசர் எட்டு ஆண்டு அரசாண்டதை நம் கிராமங்கள் மறந்துவிட்டன. 1714-இல் ஆர்க்காட்டு நவாபோடு போரிட்டு இளம் வயதில் மாண்ட தேஜ்சிங், சில மாதங்களே ஆண்டவன், தேசிங்கு ராஜனாகப் பாட்டிலும் கூத்திலும் இன்றும் வாழ்கிறான். அவன் குதிரையையும் தோழனையும்கூட ஊர் மறக்கவில்லை. பாட்டுக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஆனால் பாட்டு ஒரு மனிதனைக் காப்பாற்றும், ஒரு அரசைக் காப்பாற்றாது. தேசிங்கு எப்படிச் செத்தான் என்று நமக்குத் தெரியும். அவன் காலத்தில் செஞ்சிக் குடியானவன் எவ்வளவு தீர்வை கட்டினான் என்று அந்தப் பாட்டு சொல்லாது. வீரம் நினைவில் நிற்கும், ஆட்சி நினைவில் நிற்காது. அதற்குக் கணக்குப்பிள்ளை எழுதி வைத்திருக்க வேண்டும். சோழர் தலைநகரின் கதையும் இதுதான்: கங்கைகொண்டசோழபுரத்தில் மாளிகைமேட்டைத் தோண்டினால் செங்கல்லும் ஓடும்தான் கிடைக்கின்றன. சோழர் ஆட்சியை நாம் இவ்வளவு நுணுக்கமாக அறிவது கோயில் சுவர்களில் ஊர்ச்சபைகள் வெட்டி வைத்த கல்வெட்டுகளாலும் செப்பேடுகளாலும்தான்.

எழுத்து இல்லாத இடத்தில் என்ன வந்து நிரம்பும் என்பதற்கு டாசியத் தலைநகரே சான்று. எழுதி வைத்த வரலாறு இல்லாத வெற்றிடத்தில் யாரும் எதையும் எழுதலாம். 1980-இல் சௌஷெஸ்குவின் ருமேனியா, டாசிய மன்னன் புரெபிஸ்டா ஒருங்கிணைந்த அரசு அமைத்த 2,050-ஆம் ஆண்டு என்று பெருவிழா எடுத்தது. பண்டைய மன்னனைத் தற்காலத் தலைவரின் முன்னோடியாக்கிக் காட்டினார்கள். மறுத்துச் சொல்ல டாசியன் ஒருவனின் சொல்லும் இல்லை. அதே மலையில் திருடர்கள் உலோகம் கண்டறியும் கருவிகளோடு இரவில் தோண்டி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள தங்கச் சுருள் வளையல்களை எடுத்து வெளிநாட்டில் விற்றார்கள். அவற்றில் பத்துக்கும் மேற்பட்டவற்றை ருமேனிய அரசு மீட்டது. அப்படி மீட்டதில் மூன்றை, 2025 ஜனவரியில் நெதர்லாந்து கண்காட்சியில் வைத்திருந்தபோது, வேறு திருடர்கள் வெடிவைத்துப் புகுந்து கொண்டுபோனார்கள். விழாக்காரருக்கும் திருடருக்கும் அந்த ஊர் கிடைத்த அளவுக்கு, உண்மையைத் தேடுகிறவருக்குக் கிடைக்கவில்லை.

எழுத்து இருந்தால் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. 2004 ஜனவரி 5 அன்று புனேயின் பண்டார்கர் கீழைக்கலை ஆய்வு நிறுவனத்துக்குள் ஒரு கும்பல் புகுந்தது. சிவாஜியைப் பற்றி ஒரு அமெரிக்கப் பேராசிரியர் எழுதிய நூலில் இருந்த சில வரிகள் அவர்களுக்குச் சினமூட்டியிருந்தன. நூலாசிரியர் தமக்கு உதவியவர்கள் வரிசையில் அந்த நிறுவனத்தாருக்கு நன்றி சொல்லியிருந்தார் என்பதுதான் அந்த நிறுவனம் செய்த குற்றம். அலமாரிகள் கவிழ்ந்தன, நூல்களும் சுவடிகளும் தரையில் சிதறின. அந்த வரிகள் தவறானவை என்று காட்ட ஒரு வழிதான் உண்டு, ஆவணத்தை எடுத்துக் காட்டுவது. அத்தகைய ஆவணங்கள் இருக்கும் வீட்டையே அரசரின் பெயரால் உடைத்தார்கள். 1689-இல் ராய்கட்டில் சுல்ஃபிகர் கான் செய்ததையும் 1818-இல் ஆங்கிலப் பீரங்கி செய்ததையும் நாம் பகைவர் செயல் என்று எழுதி வைத்திருக்கிறோம். இதை என்னவென்று எழுதுவது?

இன்று மலைகளுக்குக் குறைவில்லை. ராய்கட்டுக்குக் கம்பிவட ஊர்தி ஓடுகிறது, முடிசூட்டு நாளில் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள், யுனெஸ்கோ அங்கீகாரத்துக்குப் பிறகு கோட்டைகளுக்கு அரசுப் பணமும் வருகிறது. மதிலைப் புதுப்பிப்பது வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மழையில் சரியும் கல்லைத் தூக்கி நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் மோடி எழுத்து இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அன்றாட வழக்கிலிருந்து போய்விட்டது. அதைச் சரளமாகப் படிப்பவர்கள் இன்று மிகக் குறைவு. பொதிகள் இருக்கின்றன, படிக்கும் கண்கள் குறைந்துகொண்டே வருகின்றன. படிக்க முடியாத ஆவணம் டாசியரின் மௌனத்துக்கு ஒரு படி பக்கத்தில் நிற்கிறது. தீயோ வெடியோ தேவையில்லை, ஒரு தலைமுறையின் அக்கறையின்மை போதும்.

இதில் தமிழ்நாட்டுக்கும் நேரடிப் பங்கு உண்டு. சிவாஜியின் மாற்றாந்தாய் வழித் தம்பி வெங்காஜி தொடங்கிய தஞ்சை மராட்டிய அரசின் மோடி ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் நம்மிடம் இருக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. பெரிய கோயில் சுவரில் 1803-இல் இரண்டாம் சரபோஜி வெட்டுவித்த போன்ஸ்லே குலவரலாறு மராத்தியின் மிக நீண்ட கல்வெட்டுகளில் ஒன்று. தஞ்சையின் தெருக்களில் அன்னக்கூடங்கள் எப்படி நடந்தன, நாட்டியக்காரருக்கு எவ்வளவு மானியம், ஆற்றங்கரையை யார் பராமரித்தார்கள் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் தமிழர் வாழ்க்கையாக இருக்கிறது, மராட்டியர் வரலாறாக மட்டும் அல்ல. வரலாறு, தொல்லியல் படிக்கும் நம் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழி எழுத்தும் வட்டெழுத்தும் கற்பதோடு மோடியையும் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்துகள் குறைவு, பழகினால் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். பல்கலைக்கழகங்கள் அதற்கு ஒரு பாடம் வைக்கட்டும். புனேக்கும் தஞ்சைக்கும் இடையே மாணவர்கள் போய்வர உதவித்தொகை ஏற்படுத்தட்டும். செஞ்சிக்கு யுனெஸ்கோ பெயரால் வரும் பணத்தில் ஒரு பங்கை, செஞ்சியிலிருந்து எழுதப்பட்ட சன்னதுகளைத் தேடித் தொகுத்துத் தமிழில் பதிப்பிக்க அரசு ஒதுக்கட்டும். அந்தக் கோட்டையில் நின்று பார்க்கிற தமிழனுக்கு, அங்கே உட்கார்ந்து ஒருவர் ராய்கட்டைப் பற்றி எழுதினார் என்று சொல்லும் ஒரு பலகையாவது முதலில் வைக்கட்டும்.